உங்களுக்குத் தெரியுமா? தொப்பியால் பெயர் பெற்ற டொக்டர்கள்!

ஒரு தொப்பியின் நிறமே ஒரு படைக்குப் பட்டப்பெயர் ஆனது தெரியுமா? கொரியப் போரில் ‘மெரூன் தேவதைகள்’ என்று பெயர் வாங்கியது இந்தியாவின் 60ஆவது பாராசூட் வைத்தியப் பிரிவு! காரணம், ஒரு பக்கம் சாய்த்துப் போட்ட அந்த மெரூன் தொப்பி!

அதன் தலைவர் யார் தெரியுமா? ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ்! லெப்டினன்ட் கேணல், அதோடு டொக்டர்! பாராசூட்டில் குதித்த முதல் இந்தியப் படைவீரர்கள் இருவரில் ஒருவர்!

1950 டிசம்பர். எதிரி நெருங்குகிறான். ‘மருந்துச் சாமான்களை எரித்துவிட்டுக் கிளம்புங்கள்’ என்று உத்தரவு. எரிக்க மனம் வருமா? பியோங்யாங்கில் ஒரு கரிக்கோச்சியைப் பிடித்தார்கள். கைக்குக் கை வாளி மாற்றி பொய்லருக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். ஓட்டியதும் அவர்களே! கோச்சி கடந்ததும் பின்னால் பாலம் தகர்ந்தது!

ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவ மேடு ஏறும் கோச்சியைப் பார்த்து வளர்ந்தவர்களே, டொக்டர்மார் கோச்சி ஓட்டிய கதையை எங்காவது கேட்டதுண்டா?

1951 மார்ச் 23. அமெரிக்கப் படையோடு கொரியாவின் முன்சானில் வானிலிருந்து குதித்தார்கள் 12 இந்தியர்கள். ரங்கராஜும் குதித்தார்! அந்த நடவடிக்கையில் மட்டும் அவர்கள் செய்த அறுவைச் சிகிச்சைகள் 103!

கொரியாவில் இந்தப் பிரிவு இருந்தது 3 ஆண்டுகளுக்கும் மேல். மருந்து கொடுத்த நோயாளிகள் 2 இலட்சத்துக்கும் மேல்!

அந்தப் போரின் சூடு நம் தோட்டங்களுக்கும் எட்டியது தெரியுமா? உலகச் சந்தையில் ரப்பர் விலை எகிறியது! விடியற்காலையில் மரம் வெட்டி, சிரட்டையில் சேர்த்த பாலுக்கு அப்படியொரு கிராக்கி! 1952இல் ரப்பரைக் கொடுத்து அரிசி வாங்க சீனாவோடு ஒப்பந்தமே போட்டது இலங்கை!

ரங்கராஜுக்குக் கிடைத்தது மகாவீர் சக்கரம்! அதோடு ஓய்ந்தாரா? பின்னாளில் உலக சுகாதார நிறுவனத்துக்காக ஆப்கானிஸ்தான் மலைகளில் பெரியம்மையை விரட்டினார்!

தென்கொரியா அவரை மறக்கவில்லை. 2020 ஜூலையில் ‘இந்த மாதத்தின் போர் நாயகர்’ என்று அறிவித்தது. போர் மூண்டு 70 ஆண்டு கழித்து!

அந்த மெரூன் தொப்பி இப்போது எங்கே? கண்ணாடிப் பெட்டியில் என்று நினைத்தீர்களா? இல்லவே இல்லை, இன்றும் தலைகளில் இருக்கிறது! 2023 பெப்ரவரியில் துருக்கி பூமியதிர்ச்சியில் குலுங்கியபோது ஓடிப்போய் ஆஸ்பத்திரி போட்டது இதே 60ஆம் பிரிவுதான். போனவர்கள் 99 பேர்!