நம்ம ஊர் பால்வாடிக்கு நம்ம பெண்ணே டீச்சர்



அனுப்பம்பட்டிலிருந்து பழவேற்காடு ஏரிக்கரை வரை நம் குழுக் குடும்பங்களில் பிளஸ் டூ முடித்த பெண்கள் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு ஓர் ஆசை உண்டு. "சின்னப் பிள்ளைங்களுக்கு டீச்சர் ஆகணும்" என்பதுதான் அது. அந்த ஆசைக்கு நம் ஊரிலேயே இருக்கும் வாசல் அங்கன்வாடி. நாம் வழக்கமாகப் பால்வாடி என்போம். இந்த வேலை என்ன, அதற்கு எப்படித் தயாராவது என்று இங்கே பார்ப்போம்.

பெயர் வந்த கதை

"அங்கன்" என்றால் முற்றம். மகாராஷ்டிரத்தில் போர்டி என்ற கடலோர ஊரில் தாராபாய் மோடக், அனுதாய் வாக் என்ற இரு பெண்கள் 1945-ல் சின்னக் குழந்தைகளுக்கான கல்விப் பணியைத் தொடங்கினார்கள். ஏழைக் குடியிருப்புப் பிள்ளைகள் பள்ளியைத் தேடி வரவில்லை. அதனால் இவர்களே அந்தக் குடியிருப்பின் முற்றத்துக்குப் போய்ப் பாடம் நடத்தினார்கள். அனுதாய்க்கு 13 வயதில் கல்யாணம். ஆறே மாதத்தில் கணவர் இறந்துவிட்டார். அதன் பிறகு படித்து ஆசிரியை ஆனவர் அவர். மத்திய அரசின் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ல் தொடங்கியபோது, மையங்களுக்கு அங்கன்வாடி என்ற பெயரே நிலைத்தது.

சோறு போடுற இடம் மட்டுமா?

"அங்க என்ன, சோறு ஊட்டித் தூங்க வைப்பாங்க" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சத்துணவு முக்கியம்தான். ஆனால் தடுப்பூசி, எடை பார்த்தல், கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் ஆலோசனை, முன்பருவக் கல்வி எல்லாமே அந்த மையத்தின் வேலைதான். மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கு மேல் ஆறு வயதுக்குள் நடந்துவிடுகிறது என்று 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது. விடியற்காலையில் மீன் கூடையோடு கிளம்பும் தாய்க்கும், ஏரியில் இறங்கி இறால் தடவும் தாய்க்கும் அந்த நேரத்தில் பிள்ளையோடு உட்கார்ந்து பேச முடிவதில்லை. அந்தப் பேச்சையும் கதையையும் பிள்ளைக்குக் கொடுப்பவர் அங்கன்வாடி டீச்சர்தான்.

யார் விண்ணப்பிக்கலாம்?

தமிழக அரசு 2025 ஏப்ரலில் 7,783 இடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டது. அதன் விவரம்:

- அங்கன்வாடி பணியாளர், குறு அங்கன்வாடி பணியாளர்: பிளஸ் டூ தேர்ச்சி. வயது 25 முதல் 35. விதவை, கணவரால் கைவிடப்பட்டவர், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 40 வரை.
- உதவியாளர்: பத்தாம் வகுப்பு தேர்ச்சி. வயது 20 முதல் 40.
- சம்பளம்: முதல் 12 மாதம் தொகுப்பூதியம். பணியாளருக்கு மாதம் 7,700 ரூபாய், குறு மையப் பணியாளருக்கு 5,700, உதவியாளருக்கு 4,100. அதன் பிறகு காலமுறை ஊதியம்.
- உள்ளூர்ப் பெண்ணாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குறிப்பிட்ட தூரத்துக்குள் உள்ள பக்கத்து ஊராக இருக்கலாம்.

அடுத்த அறிவிப்பில் விதிகள் மாறலாம். வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்று, ரேஷன் அட்டை, ஆதார் எல்லாவற்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். கடைசி நேரத்தில் திருத்த அலைய முடியாது.

ஒன்றை அழுத்தமாகச் சொல்கிறோம். "நான் வாங்கித் தர்றேன், இவ்வளவு கொடு" என்று யார் வந்தாலும் பணம் கொடுக்காதீர்கள். அதற்காகக் குழுவில் கடன் கேட்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். வேலையும் கிடைக்காமல், கடனும் வட்டியும் மட்டும் தலையில் நிற்கும்.

காத்திருக்கும் காலத்தில்

18 வயதுப் பெண் 25 வரை காத்திருக்க வேண்டுமே என்று சோர்ந்து போகலாம். அந்தக் காலம் வீணில்லை. மேலே படிக்கலாம். மழலையர் ஆசிரியர் பயிற்சி எடுக்கலாம். மையத்து டீச்சரிடம் கேட்டுக்கொண்டு வாரம் ஒருநாள் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிப் பழகலாம்.

சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க விலை உயர்ந்த பொம்மை தேவையில்லை. கிளிஞ்சலைக் கொட்டி, பெரியது சிறியது என்று பிரிக்கச் சொல்லுங்கள். மடவை, நண்டு, இறால் படம் வரைந்து, எதற்குக் கால் உண்டு, எதற்குச் செதில் உண்டு என்று கேளுங்கள். ஏரிக்கு வரும் பூநாரை மாதிரி ஒற்றைக் காலில் நிற்க வைத்தால் உடம்புக்கும் பயிற்சி, சிரிப்புக்கும் சிரிப்பு. வாயில் போட்டு விழுங்கக்கூடிய சிறு பொருளை மட்டும் மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளிடம் கொடுக்கக் கூடாது.

மூன்று வயதில் "அ, ஆ எழுது" என்று அடிப்பது தவறு. விரல்களுக்கு இன்னும் பலம் வரவில்லை. களிமண் பிசைவது, காகிதம் கிழிப்பது, மணலில் கோடு போடுவது, இவைதான் முதல் எழுத்துப் பயிற்சி. முதல் வாரம் அழும் பிள்ளையை அதட்டவும் வேண்டாம். அம்மா எப்போது வருவாள் என்று சொல்லிச் சொல்லித் தேற்ற வேண்டும்.

குழுக்கள் செய்ய வேண்டியது

அங்கன்வாடி ஊழியர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. இது சும்மா பிள்ளை பார்க்கும் வேலை இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. நாமும் அந்த மரியாதையைக் கொடுக்க வேண்டும். அடுத்த குழுக் கூட்டத்தில் மூன்று விஷயங்களைப் பேசுங்கள். நம் ஊர் மையத்தில் காலி இடம் இருக்கிறதா? தகுதியுள்ள பெண் யார் யார்? நம் பிள்ளைகள் தினமும் மையத்துக்குப் போகிறார்களா?

பிள்ளைகள் வந்தால்தான் மையம் நிற்கும். மையம் நின்றால்தான் நம் பெண்ணுக்கு அங்கே வேலை இருக்கும்.