பரணில் பழைய ஃபிலிம் ரீல் இருக்கிறதா? திறந்ததும் புளிப்பு வாடை அடித்தால் உஷார்!

பொங்கலுக்கு வீட்டை ஒழிக்கும்போதுதான் இந்தப் பெட்டிகள் கண்ணில் படும். ஊறுகாய் ஜாடிக்கும் ஓடாத டேபிள் ஃபேனுக்கும் நடுவே ஒரு சின்ன மஞ்சள் அட்டைப்பெட்டி. உள்ளே, உள்ளங்கையில் அடங்கும் ஃபிலிம் சுருள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், நகத்தில் பாதிகூட இல்லாத படங்களில் யாரோ பட்டுப்புடவையில் நிற்பது தெரியும். யார் என்றுதான் தெரியாது.

வீடியோ கேசட் வருவதற்கு முன், வசதியான சில குடும்பங்களிலும், வெளிநாட்டில் உறவினர் இருந்த வீடுகளிலும் விசேஷங்களை இப்படித்தான் படம் பிடித்தார்கள். கோடக் நிறுவனம் 8 எம்.எம். ஃபிலிமை 1932-லும், சூப்பர் 8-ஐ 1965-லும் கொண்டுவந்தது. அவற்றை ஓட்டிய புரொஜெக்டர்கள் பெரும்பாலும் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. ரீல்கள் மட்டும் தங்கிவிட்டன. இவற்றை வீட்டிலேயே டிஜிட்டல் வீடியோவாக மாற்ற முடியும். ஆனால், முதல் வேலை கைக்கு இல்லை... மூக்குக்கு!

டப்பாவைத் திறந்ததும் வினிகர் போல புளிப்பு நெடி அடிக்கிறதா? அது தூசி நாற்றம் அல்ல. வீட்டு ஃபிலிம்களின் அடிப்படைப் பொருளான அசிடேட் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளியாகும். அந்த அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்தும். ஃபிலிம் சுருங்கும், வளையும், மொறுமொறுவென்று உடையும். பக்கத்தில் இருக்கும் நல்ல ரீலையும் கெடுக்கும். `வினிகர் சிண்ட்ரோம்' என்று ஆவணக் காப்பாளர்கள் சொல்வது இதைத்தான். வெப்பமும் ஈரப்பதமும் இதற்குத் தீனி. ஓட்டு வீட்டுப் பரணும், கடற்கரை ஊர் அலமாரியும் ஃபிலிமுக்கு எப்படிப்பட்ட இடங்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. போன பாதியைத் திரும்பக் கொண்டுவர வழி கிடையாது. மிச்சம் இருப்பதைப் பிரதி எடுக்கலாம், அவ்வளவுதான். அதனால், நெடி அடிக்கும் ரீலைத் தனியே பிரித்துவையுங்கள். முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான்.

`ஓடுதான்னு ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்' என்று தெரிந்தவரிடம் புரொஜெக்டர் வாங்கி ஓட்டிப் பார்ப்பது பலருக்கும் வரும் ஆசை. வேண்டாம். சுருங்கிய ஃபிலிமின் துளைகள் புரொஜெக்டரின் பற்களோடு பொருந்தாது, கிழியும். நடுவில் சிக்கி நின்றால், விளக்கின் சூடு அந்த இடத்தைப் பொசுக்கிவிடும். சுத்தமான காட்டன் கையுறை போட்டுக்கொண்டு, ஓரத்தை மட்டும் பிடித்து, கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். தூசியை பஞ்சு உதிராத மெல்லிய துணியால் லேசாகத் துடைத்தால் போதும். தண்ணீர் கூடவே கூடாது. அறுந்த இடத்தை ஒட்ட ஃபிலிமுக்கென்றே டேப் இருக்கிறது. சாதாரண செலோடேப்பின் பசை நாளடைவில் கசிந்து, அடுத்த சுற்றிலும் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்து, அது என்ன ரகம்? ரீலின் நடு ஓட்டை சின்னதாகவும், ஃபிலிமின் துளைகள் பெரிதாக, இரண்டு படங்களுக்கு இடைப்பட்ட கோட்டில் அமைந்தும் இருந்தால் பழைய 8 எம்.எம். நடு ஓட்டை பெரிதாகவும், துளைகள் பொடியாக, ஒவ்வொரு படத்தின் நடுப்பக்கமாகவும் இருந்தால் சூப்பர் 8. இரண்டு மடங்கு அகலம் என்றால் 16 எம்.எம். வீட்டுக்கென விற்கும் சின்ன ஸ்கேனர்களில் அது நுழையாது.

சுவரில் ஓட்டி செல்போனில் எடுக்கலாமா?

எடுக்கலாம், ஃபிலிம் நல்ல நிலையில் இருந்தால். ஆனால், படம் சிமிட்டிக்கொண்டே இருக்கும். புரொஜெக்டரின் வேகமும் கேமராவின் வேகமும் ஒத்துப்போகாததுதான் காரணம். பல புரொஜெக்டர்களின் ஷட்டருக்கு மூன்று இதழ்கள். ஒரு ஃப்ரேமுக்கு மூன்று முறை ஒளியை வெட்டும். வேகத்தை நொடிக்கு 16.67 ஃப்ரேம் அளவில் வைத்தால், நொடிக்கு 50 சிமிட்டல். செல்போன் கேமராவை 25 ஃப்ரேமில் வைத்தால், ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் சரியாக இரண்டு சிமிட்டல் விழும். நடுக்கம் பெரிதும் அடங்கும். அப்படியும், நடுவில் பளீரென்றும் ஓரங்களில் மங்கலாகவும்தான் படம் கிடைக்கும்.

ஒழுங்கான வழி, ஒவ்வொரு ஃப்ரேமாக நிறுத்திப் படம் எடுக்கும் ஸ்கேனர். பரவலாக விற்கும் வீட்டு மாடல்கள் நொடிக்கு சுமார் 2 ஃப்ரேம் எடுக்கும். 50 அடி சூப்பர் 8 ரீலில் 3,600 ஃப்ரேம்கள். அதாவது, 3 நிமிடம் 20 விநாடி ஓடும் படத்தை மாற்ற அரை மணி நேரம் ஆகும். போட்டுவிட்டு சமையலறைக்குப் போய்விடவும் முடியாது. பழைய ஒட்டு வரும் இடத்தில் ஃபிலிம் சிக்கும். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். விலையும் குறைவில்லை. ஒரே ஒரு ரீலுக்காக வாங்குவது வீண். சித்தப்பா, பெரியப்பா வீட்டு ரீல்களையும் சேர்த்துக்கொண்டால் கட்டுப்படியாகும்.

இதில் ஒரு கோளாறு உண்டு. இத்தகைய பல கருவிகள் வீடியோவை நொடிக்கு 20 ஃப்ரேம் வேகத்தில் சேமிக்கும். சூப்பர் 8 பெரும்பாலும் எடுக்கப்பட்டது 18-ல். பழைய 8 எம்.எம். 16-ல். அப்படியே ஓட்டினால் தாத்தா சாப்ளின் மாதிரி விறுவிறுவென்று நடப்பார்! எடிட்டிங் ஆப்பில் வேகத்தை சூப்பர் 8-க்கு 90 சதவிகிதமாகவும், 8 எம்.எம்-க்கு 80 சதவிகிதமாகவும் குறைத்தால் சரியாகிவிடும். ஃபிலிமின் ஓரத்தில் செம்பழுப்புப் பட்டை இருந்தால் அதில் ஒலியும் பதிவாகியிருக்கலாம். ஒலியுடன் கூடிய சூப்பர் 8, 1973-ல் வந்தது. வீட்டு ஸ்கேனர்களால் அந்த ஒலியை எடுக்க முடியாது. அந்த ரீலையும், கடுமையாக வளைந்த ரீலையும் லேப்பில் கொடுப்பதே நல்லது.

கிடைத்த ஃபைலை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். அங்கே போவது நசுங்கிய நகல். அசல் ஃபைலை இரண்டு ஹார்டு டிஸ்க்கிலாவது வையுங்கள். ஒன்று வேறு ஊரில், வேறு உறவினர் வீட்டில் இருக்கட்டும்.

ரீலைத் தூக்கிப் போடாதீர்கள்

`அதான் பென் டிரைவ்ல இருக்கே' என்று ரீலைக் குப்பையில் போடுவதுதான் இந்தக் கதையில் நடக்கும் பெரிய தப்பு. இன்றைய மலிவு ஸ்கேனர் எடுப்பது ஃபிலிமில் உள்ளதில் ஒரு பகுதியைத்தான். நாளை இதைவிட நல்ல கருவி வரும்போது மறுபடி எடுக்க ரீல் வேண்டும். வாடை இல்லாத ரீல் என்றால் காற்றுப் புகாத பைக்குள் வைத்து, ஃபிரிட்ஜில் வைக்கலாம். வெளியே எடுத்தால் பல மணி நேரம் கழித்தே பையைத் திறக்க வேண்டும். இல்லையென்றால் ஃபிலிம் மேல் நீர் கோத்துவிடும்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருந்த டோபாஸ் முகாமில், ஜப்பானிய வம்சாவளியினரைக் குடும்பம் குடும்பமாக அடைத்துவைத்தார்கள். அங்கே கேமராவுக்கு அனுமதியில்லை. டேவ் டட்சுனோ என்பவர் ரகசியமாக 8 எம்.எம். கேமராவை வரவழைத்து, முகாமின் அன்றாட வாழ்க்கையைப் படம் பிடித்தார். அந்த வீட்டு ஃபிலிம் 1996-ல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. அந்தப் படத்துக்கு இவ்வளவு மதிப்பு வந்ததற்கு, யார், எங்கே, எப்போது எடுத்தது என்பது தெரிந்திருப்பதும் ஒரு காரணம்.

பரணில் கிடைத்த ரீலுக்கு அந்த விவரம் எங்கே இருக்கிறது? பெட்டி மேல் எழுதியிருக்காது. பாட்டிக்குத் தெரிந்திருக்கும். வினிகர் வாடை வந்த பிறகும் ஃபிலிம் சில வருடம் தாக்குப்பிடிக்கலாம். 85 வயதுப் பாட்டியின் ஞாபகத்துக்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது. வீடியோ தயாரானதும் டி.வி-யில் போட்டு, பாட்டியை எதிரே உட்காரவைத்து, பக்கத்தில் செல்போனில் ஒலிப்பதிவை ஆன் செய்யுங்கள். தேவைப்படும் இடத்தில் நிறுத்தி நிறுத்திக் காட்டுங்கள். `இவ உங்க தாத்தாவோட தங்கச்சி... இந்த வளையலை அப்புறம் வித்துட்டோம்' என்று ஏதாவது வரும். ஊமைப் படத்துக்குக் குரல் அதுதான். கேட்ட பெயர்களை அன்றைக்கே ஒரு தாளில் எழுதி, ரீல் பெட்டிக்குள்ளும் போட்டுவிடுங்கள்.