கோப்பை இருக்கு, கிளப் இல்லை

கடற்கரை மைதானங்கள் – 11

இந்தியாவில் ஒரு கால்பந்து கிளப் கீழே விழ, மைதானத்தில் தோற்றாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2019-ல் ஐ-லீக் பட்டம் வென்ற சென்னை சிட்டி எஃப்.சி., 2021-22 பருவத்தில் அந்த லீக்கிலேயே இல்லை. தமிழ்நாட்டுக்கு முதல் தேசிய லீக் பட்டத்தை வாங்கித் தந்த கிளப் அது.

போன வாரம் தூத்தூர் புனித யூதா கல்லூரியில் பந்து பழகியவர்களைப் பற்றிச் சொல்லி, இவர்களெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று கேட்டு நிறுத்தியிருந்தேன். சிலர் போய்ச் சேர்ந்த இடம் சென்னை சிட்டி.

நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை. கன்னியாகுமரி மாவட்டத்தில், கேரள எல்லைப் பக்கம், சுவரோடு சுவர் ஒட்டிய எட்டு ஊர்கள். ஆழ்கடலில் சுறா பிடிக்கப் போகிறவர்களின் ஊர்கள். வெளியுலகம் 2017 ஒக்கிப் புயலில்தான் இந்தப் பெயர்களைக் கேட்டது. மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர். அவருடைய அண்ணன் மைக்கேல் ரெஜினும் சென்னை சிட்டிக்கு ஆடியவர். பெயரில் சென்னை, ஆடியது கோவை நேரு ஸ்டேடியத்தில். ஆனால் சொந்தக்காரர்கள் இந்தக் கரையில்தான் அதிகம் என்று இங்கே பெருமையடிப்பார்கள். கொஞ்சம் மிகைதான். நாகர்கோவிலில் இரவு ரயிலேறிக் கோவைக்கு ஆட்டம் பார்க்கப் போனவர்கள் சொல்லும்போது மறுக்க மனம் வருவதில்லை.

சூசைராஜ் ஆடிய 2017-18 பருவத்தில் கிளப் முடிந்தது எட்டாம் இடத்தில். மொத்தம் பத்து அணிகள். கடைசியில் இருந்த இந்தியன் ஏரோஸ், இந்தியக் கால்பந்துச் சம்மேளனமே நடத்திய இளைஞர் அணி. அதற்கு ரெலிகேஷன், அதாவது கீழ் லீக்குக்கு இறக்கம், கிடையாது. ஆகவே கத்தி ஒன்பதாம் இடத்துக்காரனுக்கு. கடைசி நாளில் மினர்வா பஞ்சாபிடம் 1-0 என்று தோற்ற கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ்தான் அந்த ஒன்பதாவது. சென்னை சிட்டி தப்பியது. தப்பாமல் போயிருந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது என்பதுதான் வேடிக்கை. சர்ச்சிலைச் சம்மேளனம் திரும்பச் சேர்த்துக்கொண்டது. அதற்கு முன் 2015-16-ல் கீழே இறங்கிய மிசோரமின் ஐசால் அணியையும் அப்படித்தான் சேர்த்தார்கள். அது அடுத்த பருவத்திலேயே சாம்பியனும் ஆனது. சட்டத்தில் ரெலிகேஷன் உண்டு, ஆனால் மேசைக்குப் போனால் மாறிவிடும்.

எட்டாம் இடத்து அணி மறுவருடம் என்ன செய்தது என்பதை இங்கே நிமிடவாரியாகச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். 2019 மார்ச் 9, கடைசி ஆட்டம், எதிரில் மினர்வா. ஜெயித்தால் கோப்பை. கோழிக்கோட்டில் அதே நேரம் கோகுலத்தோடு ஆடிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்காலுக்கும் வாய்ப்பு இருந்தது. ஆரம்பத்திலேயே மினர்வா கோல் அடித்துவிட்டது. இரண்டாம் பாதியில் பெத்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அதன்பிறகு தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா இரண்டு கோல் அடித்தார். தடுப்பாட்டக்காரர்! 3-1. ஈஸ்ட் பெங்காலும் 2-1 என்று ஜெயித்தது. 43 புள்ளி, 42 புள்ளி. ஒரே ஒரு புள்ளியில் பட்டம். பயிற்சியாளர் சிங்கப்பூரின் அக்பர் நவாஸ். சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் அந்த ஆண்டு கிளப்பில் 26 சதவீதப் பங்கு வாங்கியது. இனிக் காசுக்குப் பஞ்சமில்லை என்று நம் பையன்கள் நம்பினார்கள்.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் முதல் படியில், 2020 ஜனவரியில், பஹ்ரைனின் ரிஃபாவிடம் 0-1. மான்சி ஜப்பானுக்குப் போய்விட்டார். அடுத்துக் கொரோனா. 2020-21 ஐ-லீக் முழுவதும் வங்காளத்திலேயே, ஆளில்லாத மைதானங்களில். டிக்கெட் காசு இல்லை, உள்ளூர் விளம்பரமும் இல்லை. கீழ்ப்பாதி அணிகளோடு போராடி முடித்த சென்னை சிட்டியை எந்த அணியும் லீக்கை விட்டுத் தள்ளவில்லை. கிளப் லைசென்ஸ் நிபந்தனைகளை நிறைவேற்ற முடியாமல் வெளியே போனது. அதன் இடத்தில் மும்பையின் கென்க்ரே எஃப்.சி. வந்தது.

லைசென்ஸ் என்றால் என்ன என்று இங்கே பலரும் கேட்டார்கள். ஆசியச் சம்மேளனம் வகுத்த ஐந்து வகை நிபந்தனைகள்: விளையாட்டு, மைதான வசதி, ஆட்கள், சட்டம், நிதி. இளைஞர் அணி வைத்திருக்கிறாயா, தகுதியுள்ள பயிற்சியாளர் உண்டா, தணிக்கை செய்த கணக்கு எங்கே, வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் பாக்கி உண்டா. பதினோரு பேர் ஓடி வாங்கிய 43 புள்ளிக்கு இந்தக் காகிதக் கட்டில் இடம் கிடையாது.

புதிய கதையும் இல்லை இது. தேசிய லீக்கின் முதல் சாம்பியன் ஜே.சி.டி. 2011-ல் கீழே இறங்கிய கையோடு கலைக்கப்பட்டது. 2005-06 சாம்பியன் மஹிந்திரா யுனைடெட் 2010-ல் மூடப்பட்டது. கோப்பை அலமாரியில் இருக்கும்; சட்டை போட ஆளிருக்காது.

2025-ல் இந்த வியாதி மேல்மாடிக்கே ஏறியது. நாட்டின் முதல் நிலை லீக்கான ஐ.எஸ்.எல். போட்டியை நடத்திவந்த எஃப்.எஸ்.டி.எல். நிறுவனத்தின் கையிலிருந்த, சம்மேளனம் 2010-ல் போட்ட பதினைந்து வருட ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிகிற நேரம். புதிய ஒப்பந்தம் இல்லாததால் ஜூலையிலேயே லீக்கை நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. தன் முதல் அணியின் சம்பளத்தை நிறுத்தியது. இரண்டு முறை ஐ.எஸ்.எல். வென்ற நம் சென்னையின் எஃப்.சி. வேலைகளையே நிறுத்திவைத்தது. லீக்கை நடத்த யார் வருகிறீர்கள் என்று டெண்டர் விட்டால் நவம்பரில் ஒருவர்கூட விலை கேட்கவில்லை. கடைசியில் 2026 பிப்ரவரி 14-ல்தான் தொடங்கியது. பதினான்கு அணிகள், ஒரே சுற்று, 91 ஆட்டங்கள்.

லீக் தொடங்காமல் கிடந்த அந்த நாட்களில் தூத்தூர்ப் பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். வலை தைத்துவிட்டு வந்த கை, கப்பலண்டிக் காகிதத்தைப் பிரித்துக்கொண்டே பேசுகிறது. பேசுகிறவர் விசைப்படகு வைத்திருக்கும் பெரியவர்.

"லே மக்கா, கடலுக்குப் போயி மீனு கிட்டல்லேன்னா பங்கு உண்டுமா? லீக்கு நடக்கல்ல, டி.வி.க்காரன் பைசா வரல்ல. பின்னே கிளப்புக்காரன் சம்பளம் எங்கேருந்து குடுப்பான்?"

எதிரே இருந்தவன் மாவட்ட அணிக்கு ஆடியவன், இப்போது அதே படகில் போகிறவன். "மாமா, மீனு கூடுதல் கிட்டினா எனக்குப் பங்கும் கூடும். டீசல், ஐஸ், சாமான் செலவு எவ்வளவுன்னு நீங்க எங்க முன்னாலதான் கணக்குப் பாப்பீங்க. அங்கே கோப்பை அடிச்சாலும் சம்பளம் அதேதான், கணக்கையும் காட்டமாட்டான். நட்டத்துல மட்டும் பங்கு எடுக்கணுமா?"

பெரியவர் கப்பலண்டியை வாயில் போட்டுக்கொண்டார். பதில் வரவில்லை.

பேச்சு அங்கிருந்து ரெலிகேஷனுக்குத் தாவியது. கடை இரண்டாகப் பிரிந்தது. ஐ.எஸ்.எல்.லில் அதுவரை யாருமே கீழே இறங்கியதில்லை. 2022-23 ஐ-லீக்கை வென்ற பஞ்சாப் மேலே வந்தது, அடுத்து முகமதன் வந்தது. மேலே வருவதற்கு ஏணி இருந்தது, இறங்குவதற்குப் படி இருக்கவில்லை. இது என்ன நியாயம், அடியில் முடிகிறவன் இறங்கட்டும் என்றது ஒரு பக்கம். பாதி லீக், பாதி சம்பளம், ஆறு மாசம் பயிற்சியே இல்லாமல் கிடந்தவனைப் பதின்மூன்று ஆட்டத்தை வைத்து இறக்குவதா என்றது மறுபக்கம். இறங்கினால் ஸ்பான்சர் போவான், ஸ்பான்சர் போனால் கிளப் போகும், சென்னை சிட்டி கதைதான் என்றார் ஒருவர்.

நான் ரெலிகேஷன் கட்சி. ஆனால் அந்தக் கடையில் எனக்கு எதிராக இருந்த வாதம் ஹைதராபாத். இங்கே பாதிப் பேர் கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகர்கள். 2022 இறுதி ஆட்டத்தில் பெனால்டியில் அவர்கள் கையிலிருந்து கோப்பையைப் பறித்த ஹைதராபாத்தை மறக்கமாட்டார்கள். அதே ஹைதராபாத் 2023-24-ல் சம்பளப் பாக்கி, வீரர்கள் ஓட்டம், புது ஆட்களை எடுக்க ஃபிஃபா தடை என்று அல்லாடி, மிச்சமிருந்த இளம் இந்திய வீரர்களை வைத்துக்கொண்டு எட்டே புள்ளியுடன் கடைசியில் முடிந்தது. பருவம் முழுக்க ஒரே வெற்றி. அதுவும் சென்னைக்கே வந்து சென்னையின் எஃப்.சி.யிடம் வாங்கியது. (சிரித்தால் சிரிக்கலாம்.) ரெலிகேஷன் இருந்திருந்தால் தண்டனை யாருக்கு? காசு கொடுக்காதவருக்கா, காசு வாங்காமல் ஆடிய பையன்களுக்கா? இறங்காத அந்தக் கிளப்பும் 2025-ல் ஊரைவிட்டே போய் டெல்லி அணியாகிவிட்டது. ஊர் ரசிகனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இங்கிலாந்தில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கிளப் கடனில் மூழ்கி நிர்வாகியின் கைக்குப் போனால் புள்ளியைக் கழிப்பார்கள். 2025 அக்டோபரில் ஷெஃபீல்டு வெட்னஸ்டேக்கு 12 புள்ளி போயிற்று. முதலாளி செய்த வினை லீக் பட்டியலில் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. அங்கேயும் எல்லாம் சரி என்று சொல்லமாட்டேன். 1885-ல் தொடங்கிய பரி கிளப்பை 2019-ல் லீக்கை விட்டே நீக்கினார்கள். ஆனால் கணக்கு ரசிகனுக்குத் தெரிந்திருந்தது. இங்கே சென்னை சிட்டி போன செய்தி பலருக்கு அடுத்த பருவத்து அட்டவணையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. லைசென்ஸ் விண்ணப்பத்தில் எந்த நிபந்தனையில் எந்தக் கிளப் தவறியது, யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதைப் பருவம் தொடங்கும் முன்பே வெளியிட்டுவிட்டு, அப்புறம் ரெலிகேஷன் வைக்கட்டும். டீக்கடையில் இதைச் சொன்னேன். "அண்ணன் பேப்பர்ல எழுதுங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

சூசைராஜ் ஐ.எஸ்.எல்.லுக்குப் போய், 2019-20-ல் கோப்பை வென்ற ஏ.டி.கே. அணியில் இருந்தார். மறுபருவத்தின் முதல் ஆட்டத்திலேயே காயம். அவர் அளவுக்குப் போக முடியாதவர்களுக்கு முன்பு வங்கி, ரயில்வே, போலீஸ் அணிகளில் வேலை என்ற பிடிமானம் இருந்தது. அந்த வாசல்கள் சுருங்கிவிட்டன. மிச்சமிருப்பது மலபாரில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் மைதானங்கள், ஒரு இரவுக்கு ஒரு கூலி. அதில் பாக்கி விழுவதில்லை, ஆட்டம் முடிந்ததும் கையில் காசு.

2024-லிருந்து எல்லைக்கு அப்பால் சூப்பர் லீக் கேரளா நடக்கிறது. ஆறு அணிகள். திருவனந்தபுரம் கொம்பன்ஸ் ஆடும் சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியம் எங்கள் பக்கத்துக் கொல்லங்கோட்டிலிருந்து பஸ்ஸில் போய்த் திரும்புகிற தூரம். இங்கிருந்து பையன்கள் கூட்டமாகப் போகிறார்கள். அந்த லீக்கில் மேலே ஏறவும் முடியாது, கீழே இறங்கவும் முடியாது.

(தொடரும்)