17 வருடம் ஒளிந்திருந்த ஓட்டை!

மயிலாப்பூர் மாடவீதியில் ஒரு அம்மாள் கீரை வாங்குகிறார். செல்போனில் பணம் கொடுக்கிறார். போனும் பாங்கி கம்ப்யூட்டரும் ஒன்றை ஒன்று பார்த்தது இல்லை. "நீ யார்?", "நான் இன்னார்" என்று ரகசியச் சீட்டுகளை மாற்றிக்கொண்ட பிறகே பணம் நகருகிறது.

நடுவில் திருடன் புகுந்தால்?

1978–ம் ஆண்டில் நீதாம், ஷ்ரோடர் என்ற இருவர், இப்படிச் சீட்டு மாற்றும் முறை ஒன்றை வெளியிட்டார்கள். பத்திரமான முறை என்று உலகம் நம்பியது. 1995–ல் கவின் லோவ் என்பவர் அதில் ஓட்டை கண்டு பிடித்தார்!

பூட்டு உடையவில்லை

அலமேலு, பாலு என்று இருவர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அலமேலு, நல்லவன் என்று நம்பி, ஒரு திருடனுக்குத் தன் ரகசிய எண்ணை அனுப்புகிறாள். அவன் அதைத் திறந்து, வேறு பூட்டுப் போட்டு, அலமேலு அனுப்பியது போல பாலுவுக்குத் தள்ளுகிறான். பாலு அவள் எண்ணோடு தன் எண்ணையும் சேர்த்துப் பூட்டிப் பதில் தருகிறான். அதை அலமேலுதான் திறக்க முடியும். திருடன் அப்படியே அவளிடம் நீட்டுகிறான். தன் எண் இருப்பதால் அவளுக்குச் சந்தேகம் இல்லை. பாலுவின் எண்ணை எடுத்து, திருடனிடமே கொடுத்து விடுகிறாள்!

பாலு பதிலில் தன் பெயரை எழுதவில்லை. அதுதான் ஓட்டை. எழுதியிருந்தால், "இது அவன் சீட்டு அல்லவே!" என்று அலமேலு விழித்திருப்பாள். ஒரு பெயர் விட்டுப் போனதற்கு 17 வருடம்!

107 கோடி வகை

லோவ் 1996–ல் கம்ப்யூட்டரில் சோதித்தபோது, அனுப்புகிறவர் ஒருவர், பெறுகிறவர் ஒருவர், திருடன் ஒருவன் என்றுதான் வைத்தார். காரணம் உண்டு. ஆளுக்கு இரண்டே நிலை என்றாலும், 10 பேருக்கு 1,024 வகை. 20 பேருக்கு 10 லட்சத்துக்கு மேல். 30 பேருக்கு 107 கோடிக்கு மேல்! கம்ப்யூட்டரின் நினைவுக்கும் எல்லை உண்டு அல்லவா? வரம்பே வைக்காவிட்டால், எந்த முறையைக் கொடுத்தாலும் "பத்திரமா?" என்று சொல்லும் பொதுவழி கிடையாது என்றே நிரூபித்து விட்டார்கள்.

தரமணியில்

அடையாறை அடுத்த தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. லஸ்ஸில் உள்ள தன் வீட்டில் கருத்தரங்கு நடத்தி வந்த அல்லாடி ராமகிருஷ்ணன், 1962–ல் தொடங்கியது அது. அங்கே ஆர்.ராமானுஜமும் எஸ்.பி.சுரேஷும் 2003–ல் ஒரு வழி காட்டினார்கள். பூட்டிய ஒவ்வொரு பகுதியிலும் "இது இன்ன சீட்டு" என்று அடையாளக் குறி போட வேண்டும். அப்போது புதுப்புது ரகசிய எண்கள் எத்தனை வந்தாலும், ரகசியம் கசியுமா, கசியாதா என்று முடிவாகச் சொல்லி விடலாம்!

பூட்டையே உடைக்க முடியாது என்று எடுத்துக்கொண்டுதான் இந்தக் கணக்கு எல்லாம். பூட்டின் பலத்தைச் சோதிப்பது வேறு இலாகா.