சம்பளக் கணக்கில் தொலையும் இரவு வேலை

உணவகங்களிலும் துப்புரவுப் பணிகளிலும் இரவு விழித்து உழைப்போர் எம்மவரிற் பலர். அவர்களுக்குக் கூலி கொடுக்கும் சிறு வர்த்தகர்களிலும் எம்மவர் உளர். இரு சாராரின் கணக்கும் இன்று எக்செல் போன்ற கணனி விரிதாள்களிலேயே தங்கியுள்ளது. இரவு வேலை அவ்விரிதாளை எவ்வளவு தடுமாறச் செய்கிறது என்பதை அண்மையில் நாம் நேரிற் கண்டோம்.

கனடாவில் எமக்கு அறிமுகமான இளைஞர் ஒருவர், உணவகமொன்றில் ஒரு வாரத்தில் நான்கு பகலும் ஓர் இரவும், ஒவ்வொன்றும் 8 மணித்தியாலமாக வேலை செய்தார். மணிக்கு 20 டொலர் வீதம், வரிக்கழிவுக்கு முன் 800 டொலர் வரவேண்டும். கணக்கில் இருந்ததோ 320. முதலாளி ஏமாற்றுகிறார் என்று அவர் எண்ணினார். உண்மையைச் சொன்னால் நாமும் அவ்வாறே எண்ணினோம். முதலாளியோ ஒளிவுமறைவின்றிக் கணனியைத் திறந்து காட்டினார்.

இரவு வேலைக்குரிய கட்டத்தில் எண்ணே இல்லை. குறுக்கும் நெடுக்குமான கோடுகள் கிடுகுவேலி அடைத்தாற் போல் நிறைந்திருந்தன. நிரல் ஒடுங்கியிருந்தாலும் இக்குறிகள் தோன்றும். அகட்டிப் பார்த்தோம், மறையவில்லை.

எக்செல் ஒரு முழு நாளை 1 எனக் கொள்கிறது. காலை 6 மணி 0.25, இரவு 10 மணி ஏறத்தாழ 0.92. முடிவு நேரத்திலிருந்து தொடக்க நேரத்தைக் கழித்தால் மறை எண் வருகிறது. அதாவது மறை 16 மணித்தியாலம். வழமையான அமைப்பில் மறை நேரத்தைக் காட்ட எக்செலால் இயலாது. ஆனால் காட்ட முடியாத அதே எண்ணைக் கூட்டலில் மட்டும் சேர்த்துக்கொள்கிறது! பகல் வேலை 32 மணித்தியாலத்தில் 16 போக, எஞ்சியது 16.

மறைக் குறியை நீக்கினாற் போதாதா என்று முதலாளி கேட்டார். நீக்கினால் அந்த இரவு 8 அன்று, 16 மணித்தியாலமாகிவிடும். இம்முறை நட்டம் அவருக்கு. முடிவு நேரம் தொடக்க நேரத்திலும் சிறிதாயின், அதனோடு 1 ஐக் கூட்டிய பின்னரே கழிக்க வேண்டும். அவ்வாறு செய்தோம். இரவு வேலை 8:00 என வந்தது.

ஆயினும் வாரக் கூட்டுத்தொகை அசையவில்லை, அதே 16:00! எமக்குத் தலை சுற்றியது. சற்று நேரம் சென்றே காரணம் புரிந்தது. சாதாரண நேர வடிவம் கடிகாரத்தைப் போல 24 மணியைத் தாண்டியதும் மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது. எனவே சரியான 40 மணித்தியாலமும் 16:00 என்றே தோன்றுகிறது. பிழையும் சரியும் ஒரே முகத்துடன் நின்றன. நேர வடிவங்களின் பட்டியலில் 37:30:55 என்ற மாதிரியைத் தெரிவு செய்ததும் 40 வெளிப்பட்டது.

சம்பளம் கணிக்கும்போது அக்கட்டத்தை 24 ஆற் பெருக்கிய பின்பே மணிக்கூலியாற் பெருக்க வேண்டும்; தவறினால் 40 மணித்தியால உழைப்புக்கு 33 டொலரே விடையாக வரும். நல்லவேளை, இத்தாளில் அது சரியாகவே இருந்தது.

குறைந்த 480 டொலர் அன்றே கணக்கிற் சேர்க்கப்பட்டது. முன்னர் அங்கு இரவு வேலை செய்து விலகிய இருவரின் தாள்களை முதலாளி இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்.