குமரிமுனையும் ஒருநாள் கூலியும்

தம்பி!

நாரணாபுரம் தோழர்களோடு குமரிமுனை சென்று வந்தேன். பட்டாசு ஆலைகளிலே பாடுபடுவோர் இருபது பேர். குழாய் உருட்டும் அக்காமார், சரம் பின்னும் தாய்மார், மருந்து செலுத்தும் இளைஞர்! ஒருநாள் வேலையை விட்டு, ஒருநாள் கூலியை இழந்து வேனில் ஏறினர். எதற்கு? வள்ளுவரைக் காண!

கண்டோம், தம்பி, களித்தோம்! விவேகானந்தர் பாறையில் படகை விட்டு இறங்கினோம். 2024 டிசம்பர் 30ஆம் நாள் திறக்கப்பட்ட கண்ணாடிப் பாலத்தில் 77 மீட்டர் நடந்தோம். காலடியிலே அலைகடல், எதிரிலே 133 அடி உயரத்தில் ஐயன்! அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்கு 38 அடிப் பீடம். பொருளும் இன்பமும் சேர்ந்த 95 அதிகாரங்களுக்கு 95 அடிச் சிலை. அறத்தின் மீதுதான் பொருளும் இன்பமும் நிற்க முடியும் என்பதைக் கல்லிலே காட்டினார் கணபதி ஸ்தபதி. 2000 சனவரி முதல் நாள் கலைஞர் திறந்துவைத்த சிலை. 2004இல் ஆழிப்பேரலை சீறிவந்தும் அசையாத சிலை!

படகுத்துறையிலே சீட்டுக் கேட்டார்கள், சாதி கேட்கவில்லை. இது சின்னச் செய்தியா? சிவகாசி மண்ணைக் கேள், சொல்லும்! கோயிலுக்குள் நுழைய உரிமை கேட்டதால் பகை மூண்டு, 1899இல் ஊர் எரிந்தது, உயிர்கள் மாண்டன.

நம் தோழர்கள் கையாளும் வெடிமருந்தை முதலில் கண்டது சீனம். அந்நாட்டுத் தலைநகரிலே பெய்ஹாய் என்றொரு பூங்கா உண்டு. ஏரி, ஏரி நடுவே தீவு, தீவிலே வெண்ணிறத் தூபி! நூற்றாண்டுக் கணக்கில் அரச குடும்பம் உலாவிய இடம். 1911இல் புரட்சி வெடித்தது, முடியாட்சி வீழ்ந்தது, 1925இல் பூங்காவின் கதவு மக்களுக்குத் திறந்தது.

அங்கே அரசன் போட்ட பூட்டு உடைந்தது. இங்கே சாதி போட்ட பூட்டு இந்தப் படகுத்துறையில் இல்லை. பிறகு எந்தப் பூட்டு, தம்பி, நம் தோழர்களைத் தடுக்கிறது?

சரம் பின்னும் ஒரு தாய்; அறுபது வயது. கடலை அன்றுதான் முதன்முதலில் கண்டார். ஐயனின் பாதத்தைத் தொட்டபடி சொன்னார்: "நான் பின்னுற சரம் நிமிசத்துல வெடிச்சுக் குப்பையாப் போகுது. இதைச் செதுக்கினவன் வேலை நிக்குது பாருப்பா." சற்று நேரம் சும்மா இருந்தார். பிறகு, "நாளைக்கு ரெண்டு நாள் வேலையைச் சேத்துப் பாக்கணும்" என்றார்.

அதுதான் பூட்டு! கூலி என்னும் பூட்டு!

240 நாள் உழைத்தவருக்கு, 20 நாளுக்கு ஒருநாள் வீதம், மறு ஆண்டில் ஊதியத்தோடு விடுப்பு என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே எழுதி வைத்தது. ஏட்டிலே எழுதியது அந்தத் தாயின் வீட்டுக்கு ஏன் வரவில்லை? துண்டுக் கூலிக்குப் பின்னுகிறவர் பெயர் பதிவேட்டில் ஏறினால்தானே, விடுப்பும் ஏறும்!

எனவே தம்பி, ஆலை ஆலையாகச் செல்! பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்று கேள்! ஊதியத்தோடு விடுப்பு கொடு என்று கேள்! கெஞ்சிக் கேட்காதே, உரிமையாகக் கேள்!

கடல் நடுவே சிலை நிறுத்தினோம், பாலமும் போட்டோம். நாரணாபுரத்துத் தாய் கூலி இழக்காமல் அங்கே வந்து நிற்கும் நாளில்தான் அந்தப் பாலம் முழுமை பெறும்!