உங்களுக்குத் தெரியுமா? எருமைக்கும் உண்டு திருநாள்!

ஹைதராபாத்தின் கச்சிபௌலி என்றதும் ஐ.டி. கட்டடங்கள்தான் கண்முன் வரும். ஆனால், அங்குள்ள ஹைதராபாத் பல்கலைக்கழக வளாகத்தில் ஓர் ஏரிக்கு எருமை ஏரி என்றே பெயர்!

எருமைக்கு ஹைதராபாத்தில் மரியாதை அதிகம். தீபாவளி முடிந்த கையோடு 'சதர்' திருவிழா வந்துவிடும். பால் தொழிலில் ஊறிய யாதவ சமூகத்தார் நகரின் நாராயணகூடா பகுதியில் அமர்க்களமாக நடத்தும் விழா இது. குளிப்பாட்டி, எண்ணெய் பூசி, கொம்புக்கு வண்ணம் தீட்டி, மாலையும் சலங்கையும் கட்டி எருமைக்கடாக்களை அழைத்து வருவார்கள். மேளச் சத்தத்துக்கு நடுவே இளைஞர்கள் கயிற்றைச் சுண்டினால் போதும், அத்தனை பெரிய உடம்பு பின்னங்கால்களில் எழுந்து நிற்கும்! கூட்டம் காத்திருப்பது அரியானாவின் முர்ரா கடாக்களுக்குத்தான். இறுகச் சுருண்ட கொம்பே அவற்றின் அடையாளம்.

இளம் வயதிலேயே கால்நடை வளர்க்கப் பழகுவது அமெரிக்காவிலும் உண்டு. அங்கே 1902-ல் ஓஹையோ மாநிலத்தில் முளைத்த சிறுவர் மன்றம் பிறகு 'ஃபோர்-எச்' இயக்கமாக வளர்ந்தது. இறைச்சி மாட்டுக் கன்றைப் பிள்ளைகளே வளர்த்து, தீவனக் கணக்கு எழுதி, கண்காட்சியில் நடுவர் முன் நிறுத்துவார்கள். சதர் பையன்களுக்குக் கணக்கு நோட்டெல்லாம் இல்லை. தொழுவமே பள்ளிக்கூடம், அப்பாவும் மாமாவுமே வாத்தியார்கள்.

சதரை மாநில விழாவாகத் தெலங்கானா அரசு அறிவித்தது 2024-ல்தான்.